மூன்று முட்டைகளும் ஒரு முடிவும்

117 வயதுவரை வாழ்ந்த இத்தாலியப் பெண் எம்மா மொரானோவைப் பற்றி எழுதும் எவரும் முட்டையில்தான் தொடங்குகிறார்கள். இருபது வயதில் அவருக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்ட மருத்துவர், நாளொன்றுக்கு மூன்று முட்டைகளை, அவற்றில் இரண்டைப் பச்சையாகவே, சாப்பிடச் சொன்னார். அந்த வழக்கத்தைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அவர் விடவில்லை. கடைசிக் காலத்தில் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தது, அவ்வளவுதான். காய்கறியும் பழமும் அவர் அதிகம் சாப்பிட்டதில்லை என்பதையும் சேர்த்துப் படித்தபோது, உணவுமுறை குறித்து அறிவுரை வழங்குபவர்களை எண்ணி எனக்குச் சிறிது சிரிப்பு வந்தது. அவருடைய தங்கை ஒருவர் 102 வயதுவரை வாழ்ந்தார். ஆகவே இந்த ஆயுளில் முட்டையைவிடக் குடும்ப மரபுக்கே பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

இத்தாலியின் வடமேற்கே பியெமோந்தே பகுதியிலுள்ள சிவியாஸ்கோ என்ற மலைக்கிராமத்தில், 1899 நவம்பர் 29 அன்று, எட்டுக் குழந்தைகளில் மூத்தவராக அவர் பிறந்தார். அவருக்குச் சரியாக எட்டு மாதம் நிறைந்த நாளில் மன்னர் முதலாம் உம்பெர்த்தோ சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இரண்டு மன்னர்களையும், முசோலினியின் ஆட்சியையும், இரண்டு உலகப் போர்களையும், குடியரசின் பிறப்பையும் பார்த்துவிட்ட அவர், பதின்மூன்றாம் லியோ முதல் பிரான்சிஸ் வரை பதினொரு போப்பாண்டவர்களின் காலத்தில் வாழ்ந்தார். ஆனால் இவையெல்லாம் அவரைச் சுற்றி நடந்தவை. அவராகச் செய்த ஒன்றுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

அவர் நேசித்த இளைஞன் முதல் உலகப் போருக்குச் சென்றான், திரும்பவில்லை. 1926இல் அவர் ஜொவான்னி மார்த்தினூட்சி என்பவரை மணந்தார். விருப்பத்தினால் அல்ல, சம்மதிக்காவிட்டால் கொன்றுவிடுவதாக அந்த மனிதர் மிரட்டியதால் நடந்த திருமணம் அது என்று பின்னாளில் அவரே சொன்னார். வீட்டில் அடி உதை தொடர்ந்தது. 1937இல் பிறந்த ஒரே ஆண் குழந்தை ஆறு மாதத்தில் இறந்தது. அடுத்த ஆண்டு அவர் கணவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

1938 என்ற ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். மணமாகாத ஆண்களுக்கு வரி விதித்து, பிள்ளை பெறுவதையே பெண்ணின் தேசக் கடமையாக்கிய பாசிச ஆட்சி அப்போது நடந்துகொண்டிருந்தது. விவாகரத்துச் சட்டம் இத்தாலிக்கு 1970இல்தான் வந்தது. தேசிய அளவில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்ததே 1946இல்தான். அத்தகைய நாட்டில், சணல் சாக்கு ஆலையில் கூலிக்கு உழைத்த ஒரு பெண், சட்டமோ ஊரோ துணைக்கு வராது என்று தெரிந்தும், அந்த முடிவை எடுத்தார். காகிதத்தில் மட்டும் அந்தத் திருமணம் 1978இல் கணவர் இறக்கும்வரை நீடித்தது. மறுமணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், யாரும் தன்னை அடக்கி ஆள்வதைத் தான் விரும்பவில்லை என்று அவர் பதில் சொன்னார். ஆலைக்குப் பின் ஒரு கல்வி நிலையத்தின் சமையலறையில் 75 வயதுவரை வேலை செய்தார்.

2016 மே மாதத்தில் அமெரிக்காவின் சூசன்னா முஷாட் ஜோன்ஸ் மறைந்ததும், எம்மாவே உலகின் மிக மூத்தவரானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி மனிதர் என்று அவரைச் சில செய்திகள் குறிப்பிட்டது பிழை, ஏனெனில் 1900ஆம் ஆண்டும் கணக்குப்படி அந்த நூற்றாண்டையே சேரும். 1900க்கு முன் பிறந்து, வயது சான்றுகளால் உறுதிசெய்யப்பட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர் என்பதே சரி.

மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள வெர்பானியா நகரின் சிறிய அடுக்ககத்தில், இறுதி ஆண்டுகளில் வெளியே இறங்காமலேயே அவர் வாழ்ந்தார். 2017 ஏப்ரல் 15, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமையன்று, தம் வீட்டிலேயே, சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி இறந்தார். அப்போது அவருக்கு வயது 117 ஆண்டுகளும் 137 நாள்களும்.