அந்த அம்மாவின் பத்திரத்தில் யார் கையெழுத்து?

2022 ஜூலை 14, வியாழக்கிழமை. பெற்றோல் தட்டுப்பாட்டால் அத்தியாவசிய ஊழியர்கள் மட்டும் வேலைக்கு வந்தால் போதும் என்றிருந்த நாட்கள். திருகோணமலை மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அப்போது நான் இருந்தேன். பத்து மணிபோல ஒரு அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும். துணிக்கடைப் பையொன்றை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தவர், மூச்சு வாங்கியது அடங்கியதும் கேட்டார்:

“தம்பி, சனாதிபதி நாட்டை விட்டு ஓடிட்டாராமே. என்ட பத்திரத்தில இனி ஆர் கையெழுத்து வைக்கிற?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அரச காணிக்குப் பிரதேச செயலாளர் தருவது உத்தரவுப் பத்திரம். அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் சனாதிபதியின் கையெழுத்தோடுதான் வரும். கணவர் காடு வெட்டித் திருத்திய காணி அது. அதற்கான கோப்பு கொழும்புக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பதவி விலகச் சொல்லிச் சனம் வீதியில் இறங்கியதால், சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச முதல் நாள் விடியப்புறமே மாலைதீவுக்குப் போய்விட்டார். பிரதமராக இருந்த ரணில் விக்ரமசிங்கவைப் பதில் சனாதிபதி ஆக்கியிருந்தார்கள். பதவி விலகல் கடிதமோ அன்று காலை வரைக்கும் வந்து சேரவில்லை.

“கையெழுத்து கதிரைக்குரியது அம்மா. அதில ஆர் இருந்தாலும் உங்கட கோப்பு கோப்புத்தான்” என்றேன். சட்டப்படி அது சரி. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான்தான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மே மாதமே எங்கள் ஊர் இதில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டது. பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த ராஜபக்சவைக் குடும்பத்தோடு திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி பரவியதும் தளத்துக்கு முன்னால் சனம் கூடிவிட்டது. ஊரடங்கு என்பதால் நான் வீட்டிலிருந்து போனில்தான் பார்த்தேன். அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அத்தனை பெரிய அதிகாரம் அதற்குள் ஒளிந்திருக்கிறது என்பதை மனது ஏற்கவேயில்லை.

அலுவலகத்தில் மாற்றம் வந்த விதம் வேறு. சுவரில் கழற்றுவதற்குப் படம் எதுவும் இருக்கவில்லை. தன் படத்தை மாட்டாமல் அரச இலச்சினையை வைக்கும்படி கோட்டாபய 2019 இலேயே சொல்லியிருந்தார். பதில் சனாதிபதி பதவியேற்றதும் ‘அதிமேதகு’ என்ற அடைமொழி வேண்டாம் என்றார். கணினியில் பழைய கடித மாதிரிகளைத் திறந்து அந்தச் சொல்லை ஒவ்வொன்றாக அழித்தேன். அப்புறம் அமைச்சர்கள் மாறினார்கள், வர்த்தமானிகள் வந்தன. ஆள் மாறுவதற்கு ஒரு வாரம் போதும். கீழே ஒரு கோப்பு மறுபடி அசைவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைக் காணிப் பிரிவில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 20 அன்று பாராளுமன்றத்தில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் ரணில் 134, டலஸ் அழகப்பெரும 82, அநுரகுமார திசாநாயக்க 3. பதவிக்காலத்தின் நடுவில் சனாதிபதி பதவி வெற்றிடமானால் மிச்சக் காலத்துக்குப் பாராளுமன்றமே ஒருவரைத் தெரிவுசெய்யும் என்பது அரசியல் யாப்பு. 1993 இல் பிரேமதாச கொல்லப்பட்டபோதும் டி. பி. விஜேதுங்க அப்படித்தான் வந்தார். விதியைப் பிழை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த வாரம் நாடு யார் கையில் போயிருக்குமோ! ஆனால் வாக்குப் போட்டவர்கள் 2020 இல் தெரிவான உறுப்பினர்கள். அந்தத் தேர்தலில் ரணில் தோற்றவர். அவரது கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தில்தான் 2021 இல் சபைக்கு வந்தார். வீதியில் இறங்கிய சனம் கேட்டது ஒன்று, சபை கொடுத்தது வேறொன்று.

அதைச் சரிசெய்யச் சனத்தைச் சீக்கிரம் கேட்டிருக்கலாம். அது நடக்கவில்லை. 2023 மார்ச் 9 இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனது. என்னோடு வேலை செய்த ஒருவர் வேட்புமனு கொடுத்துவிட்டுச் சம்பளமில்லாத லீவில் நின்றார். தேர்தலுமில்லை, திரும்பி வேலையுமில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு அது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6 இல். அவசரமாக ஒரு தலைவரை மாற்றும்போது இந்த இழுபறியைத்தான் நாங்கள் கூடவே வாங்கிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன்.

2024 செப்டெம்பர் 21 இல் சனாதிபதித் தேர்தல் நடந்தது. அந்த வாரமே அந்த அம்மா திரும்பவும் வந்தார். அதே கடைப் பை. இடது கைச் சின்னவிரலில் மை இன்னும் போகவில்லை.

“நான் போட்ட ஆள் வரல்ல தம்பி. பரவால்ல, இந்தமுறை எங்களிட்டயும் கேட்டவங்கள்தானே.”

பையிலிருந்து கோப்பிலக்கம் எழுதிய துண்டை எடுத்து மேசையில் வைத்தார். மடித்து மடித்து எழுத்து மங்கியிருந்தது. இலக்கத்தைப் புதிய தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கொழும்புக்கு இன்னொரு நினைவூட்டல் கடிதம் அடிக்கத் தொடங்கினேன்.