அப்பா வயிற்றில் பனங்கிழங்கு

ஜனவரி 17, 2025

நேற்று ராத்திரியிலிருந்து அப்பாவுக்கு வயிற்றுவலி, விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கிறது. அம்மா கொடுத்த ஓமத்தண்ணீர் அடுத்த நிமிஷமே வெளியே வந்துவிட்டது. "வாயுதான், சரியாப் போயிரும்" என்றார் அப்பா. காற்றே பிரியவில்லை என்பதை மத்தியானம்தான் வாயைத் திறந்து சொன்னார்.

இரவு, ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் குடல் உப்பி, உள்ளே படிக்கட்டு மாதிரி தண்ணீர் மட்டம். குடல் அடைப்பு. மூக்கு வழியாக ட்யூப் விட்டார்கள், பச்சையாக வடிகிறது. டூட்டி டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன தழும்பு?" என்றார். தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளம். 1988-ல் நடந்த அல்சர் ஆபரேஷன். எனக்கு அது அப்பாவின் மச்சம் மாதிரி. பார்த்துப் பார்த்து மறந்தே போயிருந்தது.

ஜனவரி 18

சி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் கடைசிப் பக்கம் ஒரு கட்டி, உள்ளே காற்றுப் புள்ளிகள். எனக்குக் கை நடுங்கியது. சர்ஜன் கேட்டதோ, "பொங்கலுக்கு என்ன சாப்பிட்டார்?"

பனங்கிழங்கு. அதுவும் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு.

பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்தில் அமிலம் குறைய, இரைப்பையை இயக்குகிற வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராகத் தைத்துவிடுவார்கள். இரைப்பை வாசலில் உள்ள வால்வு, சாப்பாடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூளாகும்வரை விடாது. அப்பா வயிற்றிலோ அந்த வாசலுக்கு ஒரு குறுக்குவழி. அரைப்பும் குறைவு, அமிலமும் குறைவு. ஆரஞ்சுச் சக்கையோ கொட்டையோ கிழங்கு நாரோ, முழுசாக இறங்கிக் குடல் குறுகுகிற இடத்தில் மாட்டிக்கொள்ளும். இரைப்பையிலேயே திரண்டிருந்தால் கோக் கொடுத்துக் கரைத்துப் பார்ப்பார்களாம். கிண்டல் என்று நினைத்தேன், நிஜமாகவே செய்கிறார்கள்.

பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. இன்றைக்கென்றால் அப்பாவுக்கு இரண்டு வாரம் மாத்திரை, அவ்வளவுதான்.

ஜனவரி 19

ஆபரேஷன் முடிந்தது. நார்க்கட்டியைப் பிதுக்கிப் பெருங்குடலுக்குத் தள்ளப் பார்த்து, நகராததால் குடலைக் கீறி எடுத்தார்களாம். ட்ரேயில் காட்டினார்கள். எலுமிச்சையை விடப் பெரிசு, பாத்திரம் தேய்க்கிற தேங்காய்நார் மாதிரி முறுக்கிக்கொண்டு, பச்சையும் மஞ்சளுமாக. ஒரு நுனியில் கிழங்குத் துண்டு கடித்த அடையாளமே இல்லாமல் இருந்தது.

ஜனவரி 22

காற்று பிரிந்தது! வார்டு முழுக்கக் கேட்க அறிவித்தார்.

ஜனவரி 29

தையல் பிரித்தாச்சு. ட்ரங்குப் பெட்டியில் 1988 டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தது. "காரம், புளி தவிர்க்கவும்." மென்று சாப்பிடச் சொல்லியோ நாரைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. முப்பத்தேழு வருஷமாகப் புளிக்குழம்பைத்தான் பாவம் பயந்து பயந்து தொட்டிருக்கிறார்.

கிளம்பும்போது அப்பா சர்ஜனிடம் மெதுவாக, "அப்போ நுங்கு?"

"பல்செட்டைப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. தோலை உரிச்சிட்டு."

ஆட்டோவில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.