கத்தரி வெயிலில் ஈதரோடு ஒரு புராஜெக்ட்

ஆய்வகத்தில் பொருள்களைக் கரைத்துப் பிரித்தெடுக்க உதவும் திரவமான டை எத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். பாளையங்கோட்டையில் ஏப்ரல் பிறந்துவிட்டால், எங்கள் ஆய்வகச் சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் மதியத்துக்கு முன்பே 35-ஐத் தாண்டிவிடும். "அறை வெப்பநிலையில்" என்று செய்முறைப் புத்தகத்தில் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் இருந்த அறை வேறு, நாம் நிற்கிற அறை வேறு என்பது எனக்கு உறைத்தது அந்தக் கோடையில்தான். ஈதரைப் பற்றிப் புத்தகத்தில் இருக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் சரிதான். ஆனால் அவற்றை நம் ஊர் வெயிலுக்குத் தக்கபடி மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எம்.எஸ்ஸி. புராஜெக்டுக்கு நான் எடுத்தது நிலாவாரை இலை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகும் இலை. வெளிநாட்டு மருந்து வணிகத்தில் 'டின்னவேலி சென்னா' என்றால் இதுதான். மலச்சிக்கல் மருந்தில் வேலை செய்யும் ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள்கள் இதில் இருக்கின்றன. இலைத்தூளை நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவிட்டு, ஈதர் சேர்த்துக் குலுக்கினால் அவை ஈதருக்குள் வந்துவிடும். அந்த ஈதரை எடுத்து அம்மோனியாவோடு குலுக்கினால், அடியில் நிற்கும் நீரடுக்கு ரோஜாச் சிவப்பாக மாறும். செய்முறை பழையது, எளிது. சிக்கல் எல்லாம் ஈதரில்தான்.

முதல் பாட்டில் வந்த அன்றே எங்கள் லேப் அண்ணாச்சி என்னை ஸ்டோர் வாசலில் நிறுத்திவிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். "தம்பி, இத அப்படியே தொறக்கக் கூடாது. ஐஸ் தண்ணியில அரை மணி நேரம் நிக்கட்டும். அதுக்குப் பொறவு தொறங்க" என்றார். அவர் சொன்னபடி குளிரவைத்துத் திறந்தால் சத்தமே வராது. வெயிலில் வந்த பாட்டிலை அப்படியே திருகினால் கோலி சோடா மாதிரிச் சீறும்; சீறுவது அத்தனையும் தீப்பிடிக்கிற ஆவி.

அந்த ஆவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈதரின் ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்பத் தொடங்கும் வெப்பநிலை, மைனஸ் 45 டிகிரி. ஆக, நம் ஊரில் எந்த நாளிலும், எந்த நேரத்திலும், திறந்திருக்கும் ஈதருக்கு மேலே பற்றக்கூடிய ஆவி நிற்கிறது. காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே போதும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது மேலே போகாது. மேசையிலிருந்து வழிந்து, தரையோடு ஊர்ந்து, அறையின் மறுகோடி வரைக்கும் போகும். அங்கே ஏதாவது நெருப்பு இருந்தால், தீ வந்த வழியே திரும்பிப் பாட்டிலுக்கு வரும். நெருப்புகூட வேண்டாம், 160 முதல் 180 டிகிரி சூடே போதும் என்கின்றன நூல்கள். அணைத்துவிட்ட ஹாட் பிளேட் வெகுநேரம் அந்தச் சூட்டில் இருக்கும். அதனால் ஈதர் எடுக்கும் நாளில் அந்த அறையில் பர்னர், ஹாட் பிளேட், வாட்டர் பாத் எதுவும் கிடையாது என்று எங்கள் சார் விதி வைத்திருந்தார். அமிலத்தில் கொதிக்கவைக்கும் வேலை பக்கத்து அறையில்.

"ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன?" என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண ஃபிரிட்ஜ்தான் ஆகவே ஆகாத இடம். 4 டிகிரி என்பது மைனஸ் 45-க்கு எவ்வளவோ மேலே. மூடி இடுக்கில் கசியும் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிறையும். கதவு விளக்கின் சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி கிளப்பக்கூடியவை. பொறி வராதபடி செய்த ஆய்வக ஃபிரிட்ஜ்கள் தனியாக உண்டு. எங்களிடம் இருந்தது ஊழியர்கள் மோர் வைக்கும் ஃபிரிட்ஜ். அதனால் வாங்குவதே சின்னப் பாட்டிலாக, அப்போதைக்கு வேண்டிய அளவு மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டேன். துறைத்தலைவரிடம் அனுமதிக் கடிதம், வாட்ச்மேனிடம் சாவி, கூட ஒரு ஆள் கட்டாயம். செய்முறையில் "ஆறவிடவும்" என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே, அது இங்கே ஏமாற்றும். கொதித்த அமிலக் கரைசல் நம் அறையில் எவ்வளவு நேரம் ஆறினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. அதில் ஈதரை ஊற்றினால் ஊற்றும்போதே கொதிக்கும். ஐஸில் வைத்து, தெர்மாமீட்டரில் 15 டிகிரி காட்டிய பிறகுதான் பிரிபுனலில் (கலவாத இரண்டு திரவங்களைப் பிரிக்கும், அடியில் குழாய் வைத்த கண்ணாடிப் புனல்) ஊற்றுவேன். அப்படியும் கை பட்டாலே புனல் சூடாகும். ஒரே ஒரு தடவை மெதுவாகக் கவிழ்த்து, தண்டை ஃபியூம் ஹூடின் (ஆவியை விசிறியால் வெளியே இழுக்கும் கூண்டு) உட்பக்கம் பார்க்கத் திருப்பி, குழாயைத் திறந்து அழுத்தத்தை விடவேண்டும். 'உஸ்'ஸென்ற சத்தம் அடங்கிய பிறகுதான் அடுத்த குலுக்கல். புத்தகத்துப் படத்தில் இருப்பதுபோல மடமடவென்று குலுக்கினால் மூடி தெறித்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஈதரைக் காய்ச்சி மீட்கும் வேலை. ஆவியாக்கச் சூடு தேடவே வேண்டாம். மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்கில் மதியம் பிடித்த தண்ணீரில் குடுவையை வைத்தாலே கொதிக்கும். அதே தண்ணீர்தான் ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டன்சருக்கும் வருகிறது என்பதுதான் வினை. 40 டிகிரித் தண்ணீர் ஓடும் கண்டன்சரில் ஈதர் எப்படிக் குளிரும்? வந்த ஆவி அத்தனையும் மறுமுனை வழியாக வெளியே போய்விடும். காலைத் தண்ணீரும் நம்பும்படி இல்லை. கடைசியில் ஏர் கூலரில் போடும் சின்ன பம்ப் ஒன்றை வாங்கி, ஒரு டப்பில் ஐஸும் தண்ணீருமாகப் போட்டு, அதைக் கண்டன்சருக்குள் சுழலவிட்டோம். ஐஸ், மீன் வண்டிகளுக்குக் கொடுக்கும் ஐஸ் கம்பெனியில் பாராக வாங்கியது. டப்பை மேசைக்கு அடியில் தரையில் வைப்பதுதான் வசதி. சார் பார்த்துவிட்டு, "ஆவி இறங்கி வந்து தேங்குற இடத்துலயே மோட்டார வைக்கிறீங்களே!" என்றார். டப்பு வெளி வராந்தாவுக்குப் போனது. ரப்பர் டியூப் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, பிளக்கும் வராந்தாவிலேயே. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஈதர் சொட்டுச் சொட்டாக இறங்கி வந்தபோது, சேகரிக்கும் குடுவையையும் ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தோம். குடுவையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வற்ற விடவே கூடாது. காரணம் பெராக்சைடு.

ஈதர் காற்றையும் வெளிச்சத்தையும் கண்டால் மெல்ல மெல்லப் பெராக்சைடாக மாறும். அது ஆவியாகாமல் அடியில் சேரும். காய்ச்சக் காய்ச்ச அடர்ந்து, வற்றும் நேரத்தில் வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் விற்கும்போதே பி.எச்.டி. (BHT) என்ற பொருளைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஆனால் நாம் காய்ச்சி மீட்ட ஈதரில் அந்தக் காவல் இருக்காது. அதை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் வந்த தேதி, திறந்த தேதி இரண்டையும் எழுதுவோம். வேலைக்கு முன் சோதனை: ஒரு மில்லி அசிட்டிக் அமிலத்தில் சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு, அதில் ஒரு மில்லி ஈதர். நிறமில்லாமல் இருந்தால் நல்லது. மஞ்சள் தட்டினால் காய்ச்சக் கூடாது. பழுப்பானால் ஒதுக்கிவிட்டுச் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்டோரின் கீழ்த்தட்டில் யாரோ எப்போதோ விட்டுப்போன அம்பர் பாட்டில் ஒன்று இருந்தது. தேதி கிடையாது, மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. அந்தப் பொருக்கு பெராக்சைடாக இருந்தால் மூடித் திருகின் உராய்வே வெடிக்கப் போதும் என்பதால் திறந்து சோதிக்கிற பேச்சுக்கே இடமில்லை. சார் அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். அபாயக் கழிவு கையாள உரிமம் உள்ளவர்கள் வந்து எடுத்துப் போகும் வரை ஸ்டோரிலிருந்து எங்களுக்கு ஒரு பீக்கர்கூடக் கிடைக்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் வேறு வழியில்லை.

கரண்ட் போகும் ஊரில் இன்னொரு பழக்கமும் வேண்டும். ஃபியூம் ஹூடின் விசிறி நின்றதும் பாட்டிலை மூடு, வெளியே வா. எந்தச் சுவிட்சையும் போடாதே, அணைக்காதே. ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கத் தொடங்கியதும் வெயில் தணிந்தது. ஆனால் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்தக் காற்றே ஹூடுக்குள் இருக்கும் ஆவியை அறைக்குள் தள்ளிவிடுகிறது. மெல்லிய காகிதத் துண்டை ஹூடின் வாயில் ஒட்டி, அது உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குவோம்.

தீயணைப்புக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், மணல் வாளி இரண்டும் கதவோரம். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஈதர் தண்ணீரைவிட லேசு, மிதந்துகொண்டே எரியும். சிங்க்கில் கொட்டக் கூடாததற்கும் இதே காரணம். மிச்சம் எல்லாம் பெயர் எழுதிய கழிவு பாட்டிலுக்கு. பாலியஸ்டர் சட்டைக்குத் தடை, செல்போன் வெளியே.

இந்த வருஷத்து ஜூனியர்களிடம் சார் முதலில் கேட்டது, "ஈதர்தான் வேணுமா?" என்று. எத்தில் அசிடேட் 77 டிகிரியில்தான் கொதிக்கும். அதுவும் தீப்பிடிக்கும் சரக்குதான், ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 4. ஆனால் டேங்க் தண்ணீரிலேயே குளிர்ந்துவிடும், பெராக்சைடுத் தொல்லையும் இல்லை. ஒரு தங்கச்சி அதில் முயன்றுகொண்டிருக்கிறாள். சிவப்பு கொஞ்சம் வெளிறித்தான் வருகிறதாம்.