எட்டு மில்லி லெவல் டியூபும் ஒரு வாளித் தண்ணீரும்

கடைசியில் வழிக்கு வந்துவிட்டது. இரண்டடி மீன் தொட்டியின் அடி மணலை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அலசி முடித்தபோது வெளியே போனது ஒரே ஒரு வாளித் தண்ணீர்தான். மணல் தொட்டியிலேயே கிடக்கிறது, அழுக்கு வாளிக்கு வந்துவிட்டது. பெரிய தொட்டிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சின்னத் தொட்டியில் கோல்ட் ஃபிஷ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அழுக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் தீர்ந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய தலைவலி.

தொட்டி 24க்கு 12க்கு 12 அங்குலம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம். மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக நிகரம் 45 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டு ஒரண்டா, கோல்ட் ஃபிஷ்ஷில் ஒரு வகை. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தின்பது நேராகக் குடலுக்குப் போய் நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும். என் வாளி 15 லிட்டர். அதாவது ஒரு வாளி எடுத்தாலே தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரே நேரத்தில் மாற்ற எனக்கு இஷ்டமில்லை. மொத்தத் தண்ணீரையும் கொட்டி, மணலை வெயிலில் காயப்போட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அன்றைக்குத் தொட்டி பளபளவென்று இருக்கும், அந்த வாரமே மீன் மிதக்கும். சரி, அது வேறு கதை.

கடையில் விற்கும் சைஃபன் கிளீனரை, அதாவது தொட்டி அழுக்கைத் தண்ணீரோடு கீழே இருக்கும் வாளிக்கு இழுத்துவிடும் குழாயைப் பற்றிக் கொஞ்சம் புலம்பவேண்டும். கும்பகோணத்தில் கிடைத்தது அரை அங்குலக் குழாய் கொண்டது. நாலடித் தொட்டிக்கு அருமையான சாமான். என் தொட்டியில் வைத்தால் வாளி ஒரு நிமிடம் தாண்டியதுமே நிரம்பிவிடுகிறது. அதற்குள் மணலில் கால்வாசிகூட அலசியிருக்க முடியாது. இழுக்கும் வேகத்தில் பொடி மணலும் சேர்ந்து போகிறது. கடைக்காரரிடம் சின்ன சைஸ் கேட்டால், “இதையே மெதுவாப் பிடிங்க தம்பி” என்கிறார். சைஃபனை எப்படி மெதுவாகப் பிடிப்பது? குழாயை மடித்து நெருக்கினால் தண்ணீர் குறையும், ஆனால் ஒரு கை அதற்கே போய்விடும். மணலைக் கிளற ஒரு கை, மீனை விரட்ட ஒரு கை, மடிக்க ஒரு கை என்று மூன்று கை வேண்டும்.

தீர்வு ஹார்டுவேர் கடையில் இருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் லெவல் டியூப். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், விலையும் சொற்பம், உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். உள்விட்டம் 8 மில்லிமீட்டர் கேட்டு வாங்கினேன். ஸ்டாண்ட் இரண்டரை அடி உயரம், வாளி தரையில். அந்த உயர வித்தியாசத்தில் நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவில்தான் வருகிறது. வாளி நிரம்ப மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நிமிடத்துக்கும் மூன்றரைக்கும் உள்ள வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதுதான். மணலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வேலை பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தாராளம் என்று தெரிகிறது.

குழாய் மட்டும் போதாது, அடியில் ஒரு வாய் வேண்டும். 200 மில்லிலிட்டர் ஜூஸ் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, மூடியில் துளை போட்டுக் குழாயைச் செருகி எம்-சீல் வைத்து அடைத்தேன். இந்தப் பாட்டிலின் அகலத்தில்தான் சூட்சுமம். 8 மில்லி குழாய்க்குள் நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாயும் அதே தண்ணீர், 5 சென்டிமீட்டர் அகலப் பாட்டிலுக்குள் நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஏறும். கழிவும் மட்கிய தீவனமும் அந்த வேகத்துக்கே மேலே போய்விடும். மணல் கனமானது, கொஞ்சம் எழும்பிவிட்டுத் திரும்ப இறங்கிவிடும். கடைக் கிளீனரில் குழாயும் பருமன், வாயும் ஒடுக்கம். மணல் ஏறாமல் என்ன செய்யும்? பெரிய பாட்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் வேகம் ரொம்பவே செத்துவிடுகிறது. கழிவுகூடப் பாதி உயரத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. 8 மில்லி குழாய்க்கு 5 சென்டிமீட்டர் வாய். என் கைக்கு இந்த ஜோடிதான் சரியாக அமைந்தது.

வெட்டிய விளிம்பு கத்தியாக இருக்கும், மீன் வாலைக் கிழித்துவிடும். சூடான தோசைக்கல்லில் ஒரு நொடி ஒற்றி எடுத்தால் விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு மழுங்கிவிடும். (தாளைக் கல்லின் மேல் விரித்துவிட்டுச் செய்தேன். அப்படியும் அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். “மீனுக்குப் பாக்குற சேவைய மாட்டுக்குப் பாத்திருந்தா இன்னேரம் ஒரு படி கூடக் கறந்திருக்கும்டா.”)

வேலை செய்யும் விதம்: வாயை மணலுக்குள் ஓர் அங்குலம் புதைத்து லேசாகத் திருப்பவேண்டும். உலையில் அரிசி புரள்வதுபோல் பாட்டிலுக்குள் மணல் புரளும். பழுப்பு நிறக் கசடு மட்டும் பிரிந்து குழாயேறிப் போகும். உள்ளே தண்ணீர் தெளிந்ததும் தூக்கி அடுத்த இடத்தில் வைக்கவேண்டியதுதான். மணல் கழுத்துவரை ஏறுவதாகத் தெரிந்தால் குழாயை ஒரு கணம் மடிக்கவேண்டும், இறங்கிவிடும். ஃபில்டரின் எதிர்மூலையில்தான் கசடு அதிகம் சேர்கிறது. நான் அங்கிருந்து தொடங்குகிறேன். வாளி நிரம்புவதற்குள் மீதி இடம் விட்டுப்போனாலும் அந்த மூலை சுத்தமாகியிருக்கும்.

சைஃபனைத் தொடங்க வாயால் உறிஞ்சாதீர்கள். அந்தத் தண்ணீரின் ருசியை வர்ணிக்கப் போவதில்லை. குழாய் முழுவதையும் தொட்டிக்குள் முக்கி, பாட்டிலை மேல்நோக்கிப் பிடித்துக் காற்றை வெளியேற்றி, மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்து வாளிக்குக் கொண்டுவந்தால் போதும். எங்கள் தெருக் கொத்தனார் ஒருவர் மட்டம் பார்க்கும்போது குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழியை விரட்டுவார். அவர் கைப்பழக்கத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான் இது. ஒரு குமிழி உள்ளே நின்றாலும் 8 மில்லி குழாயில் ஓட்டம் திக்கும்.

மணல் பற்றி ஒரு வார்த்தை. என்னிடம் இருப்பது வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல். சல்லடையில் சலித்துப் பொடியையும் கல்லையும் கழித்துவிட்டு ஒன்றிரண்டு மில்லி அளவுள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோல்ட் ஃபிஷ் மணலை வாயில் அள்ளி, மென்று, துப்பிக்கொண்டே மேயும் பிராணி. பட்டாணி அளவுக் கூழாங்கல் போட்டால் சிலசமயம் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். இப்போது கட்டடங்களுக்கு வரும் எம்-சாண்ட் உடைத்த கல், முனை கூர்மை, எத்தனை அலசினாலும் மாவாகக் கரையும். அது வேண்டாம். கடையில் விற்கும் நீலம், சிவப்புச் சாயக்கல்லைப் பற்றி நான் பேசவே போவதில்லை. காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சட்டி ஆற்று மணலுக்கு அலையும் காலம்! தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் பழைய மணல் குவிந்து கிடந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாளியில் எடுத்த அந்த அழுக்குத் தண்ணீரிலேயே நாலு பிழி பிழிந்து திரும்ப மாட்டியாயிற்று. மீன் கழிவில் வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் குடியிருப்பது அதில்தான். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரில், அதுவும் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும் நாளில் கழுவினால் அத்தனையும் போய்விடும். வாளித் தண்ணீர் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் போகிறது. வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

வெளியே எடுப்பதில் ஜெயித்தாயிற்று, உள்ளே ஊற்றும் தண்ணீரில் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இருப்பது வலங்கைமான் பக்கம், எங்கள் போர் தண்ணீரில் இரும்பு அதிகம். பிடிக்கும்போது தெளிவாக இருக்கும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறி மஞ்சளாகும். குளியலறைத் தரையைப் பார்த்தாலே தெரியும். நேராகத் தொட்டியில் ஊற்றினால் அந்தத் துரு ஸ்பாஞ்சிலும் மீன் செவுளிலும் போய் உட்காரும். போதாததற்கு ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு கூடுதல். பிடித்த கையோடு பார்த்தால் அமில, கார அளவைச் சொல்லும் பி.எச். 7.2, இரவு முழுக்கக் காற்று விட்டபின் காலையில் 7.8. இந்தத் தாவலை மீன் தலையில் கட்டுவதைவிட டிரம்மிலேயே முடித்துவிடுவது நல்லது.

அதனால் மாற்றுவதற்கு முந்தைய சாயங்காலம் டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ராத்திரி முழுக்கக் குமிழ விடுகிறேன். விடிந்ததும் பம்பை நிறுத்தி, துரு அடியில் இறங்க நேரம் கொடுக்கிறேன். டிரம்மில் அடியிலிருந்து நாலு விரல் மேலே ஒரு பிளாஸ்டிக் குழாய் பொருத்தியிருக்கிறேன். அதைத் திறந்து பழைய வேட்டித் துணி வழியாக வாளிக்குப் பிடித்தால் துரு பெரும்பாலும் அடியிலேயே நின்றுவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஸ்பாஞ்சின் மேல் இன்னமும் ஒரு செம்பழுப்பு வளையம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஊரே யோசனை சொல்கிறது. “ஆத்துத் தண்ணி புடிச்சு ஊத்து” என்பவர்கள்தான் அதிகம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் குறுவை வயலில் அடிக்கும் மருந்தும் வடிந்து அதே வாய்க்காலுக்குத்தான் வருகிறது. கூடவே மீன்பேனும் வரும். வாய்க்காலில் பிடித்த பாசியைக்கூட நான் தொட்டியில் போடுவதில்லை. படிகாரம் போடச் சொன்னார்கள்; அது காரத்தன்மையைத் தின்றுவிடும், மாட்டேன். தேற்றாங்கொட்டை மட்டும் கொஞ்சம் மனதை இழுக்கிறது. கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உள்பக்கம் அதை உரசிவைப்பது இங்கே பழைய பழக்கம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. மீன் இல்லாத தனி வாளியில் துருத் தண்ணீரை வைத்துப் பார்க்கவேண்டும். இன்னொரு பக்கம், அடியில் துளை போட்ட மண்பானையில் ஜல்லி, மணல், அடுப்புக்கரி அடுக்கி ஒரு வடிகட்டி கட்டவும் யோசனை இருக்கிறது.

வெயில் காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. மாடித் தொட்டித் தண்ணீரை மதியத்தில் தொட்டால் சுடும். நான் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே மாற்றிவிடுகிறேன். 20 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அம்மோனியா அதற்கு நேர்மாறு. பி.எச். 8 உள்ள தண்ணீரில் விஷமாக நிற்கும் பங்கு 20 டிகிரியில் 4 சதவீதத்துக்கும் குறைவு, 30 டிகிரியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். நம் ஊர் சித்திரை, வைகாசியில் தொட்டி 30க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆகவே அந்த மாதங்களில் தீவனம் பாதிதான். மீன் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு கெஞ்சும். கண்டுகொள்ளக்கூடாது.

பின்பக்கக் கண்ணாடியை இன்று தொடவில்லை. அங்கே படர்ந்திருக்கும் பச்சையை ஒரண்டாக்கள் கொறித்துக்கொண்டிருக்கின்றன, இருக்கட்டும். முன்பக்கத்தைச் சுரண்டக் காலாவதியான ஏ.டி.எம். அட்டையே போதும். கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் ஓரத்துச் சிலிகான் பசைப் பக்கம் மட்டும் பிளேடைக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த வேலை, சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடையில் சின்ன வால்வு ஒன்று வாங்கி இந்த லெவல் டியூபின் நடுவில் பொருத்துவது. அங்கே இருப்பது 12 மில்லியும் 16 மில்லியும்தான், 8 மில்லிக்குப் பொருந்த இடையில் ஒரு ரப்பர் துண்டு கொடுக்கவேண்டியிருக்கும். அது அமைந்துவிட்டால் மடிப்பதற்கு ஒரு கை தேவைப்படாது.