5 சதவீதம், ஆனால் எதிலிருந்து?

பல ஆண்டுகள் நீடிக்கும் ஒப்பந்தங்களில் விலையை, விலைவாசியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு குறியீட்டெண்ணோடு பிணைத்துவிட்டு, ‘மாற்றம் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் விலைத் திருத்தம் இல்லை’ என்று ஒரு வரியைச் சேர்ப்பது வழக்கம். அந்த வரி நியாயமானதே. குறியீட்டெண் மாதந்தோறும் சற்றே ஏறி இறங்கும். முதலில் வெளியாகும் தற்காலிக எண் பின்னர் மாற்றப்படுவதும் உண்டு. அந்தச் சிறு அசைவுகளுக்கெல்லாம் விலையை மாற்றிக்கொண்டிருந்தால் கணக்குப் பிரிவின் உழைப்புதான் வீணாகும். ஆனால் வரம்பு 3 சதவீதமா, 5 சதவீதமா என்று நாள் கணக்கில் பேரம் பேசும் இரு தரப்பினரும், அந்த மாற்றத்தை எதிலிருந்து அளப்பது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

நான் சரிபார்த்த ஒரு பராமரிப்பு ஒப்பந்தத்தில், ஒவ்வோர் ஆண்டின் எண்ணும் அதற்கு முந்தைய ஆண்டின் எண்ணோடு மட்டுமே ஒப்பிடப்பட்டது. ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற சீரான உயர்வு வரம்பை ஒருமுறைகூடத் தொடாது. ஐந்தாண்டு முடிவில் மொத்த உயர்வு 10.4 சதவீதமாகியிருந்தாலும் ஒப்பந்தக்காரருக்கு எதுவும் கிடைக்காது. கடைசியாக விலை திருத்தப்பட்ட மாதத்தின் எண்ணோடு, திருத்தமே நடக்காதிருந்தால் அடிப்படை மாதத்தின் (ஒப்பந்த விலைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட தொடக்க மாதத்தின்) எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தால், மூன்றாம் ஆண்டிலேயே மாற்றம் 6.1 சதவீதத்தை எட்டித் திருத்தம் வந்திருக்கும்.

வரம்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு திருத்துவது என்பது அடுத்த சிக்கல். மாற்றம் 5.1 சதவீதம் என்றால், முழு 5.1 சதவீதத்தையும் கொடுப்பதா, வரம்புக்கு மேற்பட்ட 0.1 சதவீதத்தை மட்டும் கொடுப்பதா? முதல் முறையில், வரம்பை ஒட்டிய ஒரு சிறு வேறுபாடு பெருந்தொகையைத் தீர்மானிப்பதால் தகராறு எழும். இரண்டாவதில் முதல் 5 சதவீதச் சுமையை ஒரு தரப்பே நிரந்தரமாகத் தாங்கும். நான் முதல் முறையையே பரிந்துரைப்பேன், ஏனெனில் சிறு மாற்றங்களைத் தள்ளிவைப்பதற்காக வந்த வரம்பு இழப்பைப் பங்கிடும் கருவியாக மாறக் கூடாது.

புள்ளியும் சதவீதமும் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும்: குறியீட்டெண் 250-இல் நிற்கும்போது 5 புள்ளி உயர்வு 2 சதவீதம் மட்டுமே. அதேபோல், விலையில் 40 சதவீதப் பங்கு மட்டுமே அந்தக் குறியீட்டெண்ணைச் சார்ந்திருந்தால், குறியீட்டெண்ணின் 5 சதவீத உயர்வு மொத்த விலையில் 2 சதவீதமாகவே தெரியும்; ஆகவே வரம்பு குறியீட்டெண்ணுக்கா, ஒப்பந்த விலைக்கா என்பதைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்துக்கும் அதே வரம்பு பொருந்த வேண்டும்.

இப்போதெல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பாக, ஓர் ஏற்றத்துக்கும் ஓர் இறக்கத்துக்கும் கணக்குப் போட்டுக் காட்டி, அதில் இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.