தேதி கடந்த பிறகு நான் குடித்ததும் குடிக்காததும்

மருத்துவர் குறித்த தேதி கடந்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் வைத்தியர்கள் பெருகிவிட்டார்கள். தலைப்பிரசவம் என்பதால் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். வாசலைக் கடப்பவர்கள்கூட “இன்னும் வலி காணவில்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். வலி என்ன, நான் ஒளித்து வைத்திருக்கும் பொருளா?

ஒன்பது மாதமும் கண்ணில் காட்டாத பப்பாளியையும் அன்னாசியையும் இப்போது அத்தையே நறுக்கித் தட்டில் அடுக்கினார். அன்னாசியால் எனக்கு நாக்குதான் புண்ணானது. பேரீச்சம்பழத்துக்காவது கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஜோர்டானில் நடந்து 2011இல் வெளியான சிறிய ஆய்வில், தேதிக்கு முந்தைய நான்கு வாரங்களும் தினம் ஆறு பழம் தின்ற பெண்களுக்கு, மருத்துவமனைக்கு வரும்போதே கர்ப்பப்பை வாய் கூடுதலாகத் திறந்திருந்ததாம். தேதி முடிந்த பிறகு டப்பாவைத் திறந்த எனக்கு அது எந்த அளவுக்கு உதவும்? எனக்குச் சர்க்கரை நோய் இல்லாததால் தின்றுவைத்தேன்.

விளக்கெண்ணெய்க்கு மட்டும் நான் இசையவில்லை. ஆச்சி காப்பியில் கலந்து தருவதாகச் சொன்னபோது மருத்துவரிடம் கேட்டேன். குடலைக் கலக்கும் அதே சத்து கர்ப்பப்பையையும் முடுக்கிவிடலாம். எப்போது, எவ்வளவு என்பது யார் கையிலும் இல்லை. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து இழந்து துவண்டு கிடக்கும்போது பிரசவ வலியும் சேர்ந்தால் முக்குவதற்குத் தெம்பு எங்கிருந்து வரும் என்றார். முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதைத் தொடவே கூடாது என்றும் எச்சரித்தார்.

இவற்றில் எனக்குப் பிடித்தது சீரகக் கஷாயம். ஒரு நாள் அந்தியில் அடிவயிறு இறுகி இறுகி விட்டது. நான் பையைத் தேட, ஆச்சி நிதானமாக அடுப்படிக்குப் போனார். வெறும் சட்டியில் சீரகம் கருகும் தருவாயில் படபடவென்று பொரியும்போது தண்ணீரை ஊற்றினார். சுரீரென்று எழுந்த புகையில் வீடே மணத்தது. பாதியாகச் சுண்டியதும் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, மேலே துளி வெண்ணெய். “சூட்டு வலி என்றால் அடங்கும், பிள்ளை வலி என்றால் ஏறும். குடித்துவிட்டுப் படு” என்றார். வலியை வரவழைக்க அல்ல, வந்தது எந்த வலி என்று பார்க்கத்தான் அந்தக் கஷாயம். சூடாக எதையாவது குடித்து ஓய்வெடுத்தால் பொய்வலி அடங்குவது வழக்கம் என்று மருத்துவரும் சொன்னார். எனக்கு ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடித் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

கஷாயம் குடித்துக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு: பனிக்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் நேரே மருத்துவமனைதான். ஆகவே மதியச் சாப்பாட்டுக்குப் பின் இடப்பக்கம் சரிந்து படுத்து அசைவுகளை எண்ணுவேன். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்தாக வேண்டும். பெரும்பாலும் சோறு இறங்குவதற்குள்ளேயே வந்துவிடும்.

41 வாரம் நிறைந்ததும் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் கர்ப்பப்பை வாயில் வலியைத் தூண்டும் ஜெல் வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மாலையில் இன்னொரு முறை வைத்தார்கள். இரவில் இடுப்பைப் பிடித்தது வலி. இம்முறை ஆச்சி கஷாயம் பற்றிப் பேசவே இல்லை. என் முகத்தைப் பார்த்ததுமே நர்ஸைக் கூப்பிடப் போய்விட்டார். விடிவதற்குள் மகள் பிறந்துவிட்டாள்.