காற்றாடிமலைக்குப் போகும் வழியில் உதயகிரியிலும் இறங்குங்கள்

புனித தேவசகாயத்தைத் தேடி குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆரல்வாய்மொழியில் இறங்கி, காற்றாடிமலையில் ஜெபித்துவிட்டு, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருந்தால் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். காற்றாடிமலை அவர் உயிரைக் கொடுத்த இடம், சரி. அந்த உயிருக்குள் நெருப்பு எப்படிப் பற்றியது என்று புரிய கோட்டைக்குள் போக வேண்டும்.

கோட்டைக்குள் இடிந்துபோன ஒரு சிற்றாலயம் இருக்கிறது. கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதற்குள் டிலனாய் என்ற டச்சுத் தளபதியின் கல்லறை. 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கிறவராக ஆனவர். நட்டாலத்தில் 1712இல் பிறந்து அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டனுக்கு, பின்னாளில் தேவசகாயம் ஆனவருக்கு, அந்த நாட்களில் வீட்டில் இழப்புக்கு மேல் இழப்பு, கால்நடைகள் செத்துப்போயின, விளைச்சலும் போனது. மனம் நொந்துபோயிருந்த அவரிடம் டிலனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். நாட்டையும் படையையும் இழந்து, திரும்பிப் போக வழியில்லாத ஒருவர், எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்கிறார். வாதமோ பிரசங்கமோ நடக்கவில்லை, துக்கத்தில் இருந்தவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பேசினார், அவ்வளவுதான். விசுவாசத்தில் ஆர்வம் வர வேண்டும், தைரியம் வர வேண்டும் என்று நாம் எவ்வளவோ ஜெபிக்கிறோம். அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்றபோது, ஆண்டவர் அந்த ஆர்வத்தை இப்படித்தான், ஒரு மனிதர் வழியாக இன்னொருவருக்கு அனுப்புகிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அப்புறம் நீலகண்டன் வடக்கன்குளத்துக்குப் போய் 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார். கைது செய்யப்பட்டது 1749 பிப்ரவரி 23. இடையில் இருந்த அந்த நான்கு வருடங்களைப் பற்றி மறையுரைகளில் அதிகம் கேட்பதில்லை, எனக்கோ அவைதான் மிகவும் முக்கியமாகப் படுகின்றன. அவர் துறவியும் இல்லை, குருவும் இல்லை. மனைவியோடு குடும்பம் நடத்தி, அரண்மனை வேலை பார்த்து, சம்பளம் வாங்கி வாழ்ந்த பொதுநிலையினர். அந்த வேலையில் இருந்துகொண்டே, தான் யார் என்பதை மறைக்காமல், சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகி, எல்லோரும் சமம் என்று பேசி, கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். தினமும் அலுவலகம் போய் வருகிற நமக்கு அவர் மிக நெருக்கமாக நிற்பது இந்த இடத்தில்தான்.

புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துப்போய் அடித்து, காயங்களில் மிளகுப்பொடி தடவிக் கொடுமைப்படுத்திய நாட்களில், தாகத்தில் துடித்தவர் ஜெபித்து முழங்கையால் பாறையை இடித்ததும் தண்ணீர் சுரந்தது என்று மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். பெருவிளையில் அவரை வேப்ப மரத்தில் கட்டிவைத்தார்கள். அங்கே தன்னைக் காவல் காத்தவருக்குப் பிள்ளை வரம் கிடைக்க ஜெபித்தார் என்று சொல்வார்கள். கட்டிவைத்தவனுடைய வீட்டுத் தொட்டிலுக்காக வேண்டிக்கொள்கிற மனசு! அங்கே நின்றபோது என்னால் வேறு எதையும் ஜெபிக்க முடியவில்லை, எனக்கு வேண்டாதவர்கள் ஒவ்வொருவரின் பெயராகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

காற்றாடிமலைக்கு நாங்கள் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காற்று ஆளைத் தள்ளுகிறது, பக்கத்தில் முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டது இங்கேதான். தட்டினால் மணி போல ஒலிக்கிற பாறையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், ஒரு சிறுவன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, “எங்கேருந்து வாறிய மக்களே?” என்றார். சொன்னோம். பேரனுக்கு வேலை கேட்டு வந்தீர்களா பாட்டி என்று என் மனைவி கேட்டதற்கு, “வேலை கெடக்கட்டும், அவன் கோயிலுக்கு வாறதே வெக்கம்ன்னு நிக்கான், அந்த வெக்கத்த எடுத்துரும்ன்னு கேக்கேன்” என்றார். தெளிவான வேண்டுதல். நானும் சேர்ந்து ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொன்னேன்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் திருமுழுக்குக்காக வடக்கன்குளம் போனது திருவிதாங்கூர் எல்லையைத் தாண்டித்தான். அதற்கு வழி இந்தக் கணவாய். 1745இல் புது வாழ்வைத் தேடி நடந்த பாதையின் ஓரத்திலேயே உயிரையும் கொடுத்திருக்கிறார். மூன்று வருடச் சித்திரவதையில் எந்த நாளிலும் மறுதலித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், அந்த வாசல் அவருக்குத் திறந்தே இருந்தது. துப்பாக்கிக்கு முன்னால் மண்டியிட்டது ஒரு பொழுது. அதற்கு முன்னால் ஒவ்வொரு காலையும் ‘இன்றைக்கும் மாட்டேன்’ என்று சொல்லியிருக்கிறாரே, அதை நினைத்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.

கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் என்றும், 2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர் என்றும் அறிவிக்கப்பட்டவர், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். கல்லறையில் தலை வைத்து எழுந்த என் மனைவி, “ஏங்க, ஞானப்பூ அம்மா எங்கே இருக்காங்க?” என்று கேட்டாள்.

வடக்கன்குளத்தில். கணவர் இறந்த பிறகு அவர் நட்டாலத்துக்குத் திரும்பவில்லை, வடக்கன்குளத்திலேயே விசுவாசத்தோடு வாழ்ந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அரசு தண்டித்துக் கொன்ற ஒருவரின் விதவையாக, சொந்தபந்தங்களை விட்டு வந்த ஊரில் அத்தனை வருடங்கள். அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அங்கே போனோம். என் மனைவி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள், காற்றில் அணைந்தது, திரும்பவும் ஏற்றினாள், நான் கையால் மறைத்துக்கொண்டேன்.